போக்கிமான் கோ: நீங்க தூங்கும்போது பாட் பிடிச்சுக் கொடுத்தா தப்பா?

நீங்க இருக்கிறது காட்டூர் வீட்டு சோபாவில். ஆனா, உங்க போன் கணக்குப்படி நீங்க டோக்கியோ பார்க்கில் நடந்துட்டிருக்கீங்க. வழியில் வர்ற போக்கிமானையெல்லாம் ஒரு ஆப் தானாவே பிடிச்சுப் பையில் போடுது. பெர்ரி ஊட்டி, கூடவே கூட்டிட்டுப் போய் வளர்க்க வேண்டிய செல்லத்தை இப்படி வேற யாரோ எழுதின புரோகிராம் வளர்த்துத் தருது. 'எல்லாரும்தான் யூஸ் பண்றாங்க'ங்கிறது வழக்கமான சமாதானம். ரூல் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

அதில் குழப்பமே இல்ல. பாட், மாற்றியமைச்ச ஆப், பொய்யான ஜிபிஎஸ் மூணும் கூடாதுன்னு கேமை உருவாக்கிய நியான்டிக் தெளிவாவே சொல்லியிருக்கு. மாட்டினா முதல் தடவை எச்சரிக்கை. சுமார் ஒரு வாரத்துக்கு அரிய போக்கிமான்கள் கண்ணுல படாது. ரெண்டாவது தடவை 30 நாள் அக்கவுன்ட் முடக்கம். மூணாவது தடவை நிரந்தரமா குட்பை. குற்றம் பெருசுன்னா நேராவே மூணாவது படிக்குப் போகவும் வழி இருக்கு. 2025-ல் கேம் ஸ்கோப்லி நிறுவனத்தின் கைக்கு மாறினாலும் பாட்டுக்குப் பச்சைக்கொடி கிடைச்சிடல.

ஆனா 'பாட்'ங்கிற ஒரே பேர்ல எல்லாத்தையும் அடைக்கிறதுலதான் சிக்கல். ரெய்டுக்கு ஆள் சேர்க்கிற டிஸ்கார்ட் பாட், கேம் சர்வரைத் தொடுறதே இல்ல. அது வாட்ஸ்அப் குரூப் அட்மின் மாதிரி, அவ்வளவுதான். கேமுக்குள்ள நீங்களா வேஷம் போட்டு லாக்-இன் பண்ற பாட்தான் ரூலை உடைக்குது.

கம்பெனி ஏன் இவ்வளவு கறார்னு புரிய 2016-க்குப் போகணும். கேம் வந்த புதுசுல, எங்கே எந்த போக்கிமான் இருக்குன்னு காட்டுற போக்கிவிஷன் மாதிரி மேப் தளங்கள் ஏகத்துக்கும் ஹிட். அந்த மாதிரி சேவைகள் விடாம சர்வரை மொய்ச்சதாலதான் லத்தீன் அமெரிக்க வெளியீடு தாமதமாச்சுன்னு அந்த ஆகஸ்ட்லயே நியான்டிக் விளக்கம் கொடுத்தது. 2019-ல் கேமின் திருட்டு வெர்ஷனை வித்த குளோபல் பிளஸ் பிளஸ் குழு மேல அமெரிக்காவில் வழக்கு போட்டாங்க. அது 2021-ல் 50 லட்சம் டாலர் சமரசத்துல முடிஞ்சது.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. 2023-ல் வந்த 'போக்கிமான் கோ பிளஸ் பிளஸ்' கருவி தானாவே பந்து எறிஞ்சு பிடிக்கும். அது முழுக்க அதிகாரபூர்வமானது! அப்போ 'தானா பிடிக்கிறது' குற்றமில்ல; யார்கிட்ட வாங்கின இயந்திரம் பிடிக்குதுங்கிறதுதான் கேள்வி. ரூலை மதிக்கலாம். ஆனா அது முழுக்க நியாய தர்மத்துக்காக எழுதினதுன்னு நம்பத் தேவையில்ல.

ஏமாத்துறவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. போக்கிஸ்டாப்கள் பெரும்பாலும் சிலை, கோயில், பூங்கா, பார்வையாளர்கள் கூடுற இடங்கள்லதான் குவியும். (கோயிலுக்குள்ள முட்டை காட்டுதுன்னு 2016-ல் குஜராத் உயர் நீதிமன்றம் வரைக்கும் பஞ்சாயத்து போனது தனிக்கதை.) மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கிடைக்கிற சுகம், தஞ்சாவூர் ரோட்டோர புறநகர்வாசிக்குக் கிடைக்காது. சித்திரை வெயில்ல நடந்து விளையாடச் சொல்றதும் கலிபோர்னியாவில் உட்கார்ந்து யோசிச்ச ஐடியாதான். வீட்டிலிருந்தே ரெய்டு போக உதவிய ரிமோட் பாஸையும் 2023 ஏப்ரலில் 100 காயினிலிருந்து 195 ஆக்கினாங்க. நடக்க முடியாத மாற்றுத்திறனாளி பிளேயர்களுக்கு அது பெரிய அடி.

இருந்தும் பாட் வேண்டாம்னுதான் சொல்வேன். அக்கவுன்ட் போறதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. பாட் வேலை செய்யணும்னா உங்க லாக்-இன் அதுக்கு வேணும். கேம் ஐடியை கூகுள் கணக்கோட இணைச்சிருந்தா, முகம் தெரியாத ஆளுக்கு நீங்க கொடுக்கிறது போக்கிமானை மட்டுமில்ல, ஜிமெயிலையும் போட்டோக்களையும் சேர்த்துத்தான். பிளே ஸ்டோர்ல இல்லாத ஏபிகே-ன்னா இன்னும் மோசம். 2016 ஜூலையில், கேம் பல நாடுகளுக்கு வர்றதுக்கு முன்னாடியே, போனையே ரிமோட்ல ஆட்டி வைக்கிற 'டிராய்ட்ஜாக்' வைரஸை உள்ளே வெச்ச போலி போக்கிமான் கோ ஆப் சுத்துச்சு. ஜிபேவும் பேங்க் ஓடிபியும் வர்ற அதே போன்ல இந்த ரிஸ்க் எதுக்கு?

ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தா, முதல்ல அந்த ஆப்பை அன்-இன்ஸ்டால் பண்ணுங்க. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துல மூன்றாம் தரப்பு அனுமதிகளை நீக்கி, பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. ஸ்டாப் இல்லைங்கிறதுதான் பிரச்னைன்னா, குறிப்பிட்ட லெவல் தாண்டின பிளேயர்கள் தங்க ஏரியாவில் இருக்கிற கோயில், சிலை, பூங்காவைப் புது ஸ்டாப்பா பரிந்துரைக்கலாம். போட்டோ எடுத்து, ஒரு சின்னக் குறிப்போட அனுப்பினா மத்த பிளேயர்கள் பார்த்து ஓட்டு போடுவாங்க. நாளாகும்தான். ஓகே ஆச்சுன்னா, உங்க தெருப் பசங்க எல்லாருக்கும் அது ஸ்டாப்.