வருஷ பேக் போட்டாச்சு, சிக்னல் வரல... மாறலாமா, பொறுத்துக்கணுமா?

ஐடிஆர் சீசன்ல ரெட்டியார்பாளையத்துல இருக்கிற எங்க ஆபீஸுக்கு வர்றவங்க அடிக்கடி சொல்ற டயலாக் இது: "சார், வீட்டுக்குள்ள ஓடிபி வராது, மாடிக்குப் போகணும்." அப்புறம் ஏன் நெட்வொர்க் மாறலன்னு கேட்டா, "365 நாள் பேக் போட்டுட்டேன், இன்னும் எட்டு மாசம் இருக்கு சார்."

சட்டப்படி இவங்களை யாரும் கட்டிப் போடல. நம்பர் மாறாம கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கு. கட்டிப் போடறது முன்கூட்டியே கட்டின பணம். போர்ட் பண்ணா மீதி பேலன்ஸும் வேலிடிட்டியும் காலி. இதுதான் நம்ம ஊரு "கான்ட்ராக்ட்".

கணக்கைப் பார்ப்போம்

ஒரு உதாரணம். வருஷ பேக் ₹3,600. அதே பலன் தர்ற 28 நாள் பேக் ₹350. 28 நாள் பேக்னா வருஷத்துக்கு 13 தடவை, மொத்தம் ₹4,550. வருஷ பேக்ல மிச்சம் ₹950.

நாலு மாசத்துல வெறுத்துப் போய் வெளியே வந்தா? 28 நாள் பேக் போட்டவருக்கு அஞ்சு ரீசார்ஜ், ₹1,750 செலவு. வருஷ பேக் போட்டவருக்கு ₹3,600 போச்சு. அதாவது ₹950 மிச்சம் பிடிக்க, ₹1,850 ரிஸ்க் எடுக்கிறோம். வீட்டிலும் ஆபீஸிலும் சிக்னல் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு வருஷ பேக் போடுங்க, தப்பில்ல. தெரியறதுக்கு முன்னாடி வேண்டாம்.

இன்னொரு விஷயம். முன்பணம்னா வட்டியில்லாம, அடமானம் இல்லாம நீங்க அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த கடன். 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தப்போ தமிழ்நாட்டில் பல பேருக்கு போர்ட் எஸ்எம்எஸ் அனுப்பக்கூட சிக்னல் இல்லை. அந்த மாதக் கடைசியிலேயே கம்பெனி திவால் மனு போட்டது.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க?

கட்டின பணம் திரும்பாது, அதனால அதை மறந்துடுங்க. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: வேலை செய்யற நெட்வொர்க்குக்கு மாசம் ₹350 கொடுக்கிறது எனக்கு லாபமா? வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு ஒரு மீட்டிங் கட் ஆனாலே பதில் தெரிஞ்சிடும்.

ஆனா அவசரப்பட்டு போர்ட் பண்ணாதீங்க. மாறின பிறகு 90 நாள் வரை மறுபடி மாற முடியாது. முதல்ல புது கம்பெனியோட சிம் ஒண்ணு தனியா வாங்கி, இரண்டாவது சிம்மாகப் போட்டு ஒரு மாசம் பாருங்க. திருப்தியா இருந்தா, ஆங்கிலத்தில் போர்ட் என டைப் செய்து, இடம் விட்டு உங்க 10 இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ். வர்ற கோடு நம்ம பக்கம் 4 நாள்தான் செல்லும். அதே வட்டத்துக்குள்ள 3 வேலை நாள்ல மாறிடும். போஸ்ட்பெய்டுன்னா பில் பாக்கி இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வெளியேறும் நிபந்தனை இருந்தா அதை முடிச்சிருக்கணும். நம்பர் கம்பெனி பேர்ல இருந்தா ஹெச்ஆர் கிட்ட அனுமதிக் கடிதம் வேணும்.

புகார் கொடுத்தா பலன் உண்டா?

உண்டு. கஸ்டமர் கேர்ல புகார் எண் வாங்குங்க. தீரலைன்னா அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதுங்க, கட்டணம் இல்லை. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணமும் கிடையாது.

டெலிகாம் கேஸ் அங்க செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாசம் சராசரி ₹555 கட்டிட்டிருந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருத்தருக்கு ₹24,609 பில் வந்தது. அந்த வழக்கில், நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம்னு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

டிராய் செய்ய வேண்டியது

டிராயின் 2024 விதிப்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் முடங்கினா போஸ்ட்பெய்டுக்கு வாடகைத் தள்ளுபடி, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. நல்ல விதிதான். ஆனா மாவட்டம் முழுக்க சிக்னல் இருந்து, உங்க தெருவில் மட்டும் ஆறு மாசமா இல்லைன்னா அதுல இடமில்லை. சேவைக் குறையை புகார் எண்ணோட நிரூபிச்சவருக்கு, போர்ட் ஆகும்போது மீதி நாளுக்கான பணத்தைத் திருப்பித் தரணும்னு விதி வரணும். 365 நாள் பணத்தை முன்னாடியே வாங்கிக்கிற கம்பெனி, 365 நாள் சேவைக்கும் பொறுப்பு எடுக்கணும்ல?

அந்த விதி வர்ற வரைக்கும், புது இடத்துக்குக் குடி போனா முதல் ரீசார்ஜ் 28 நாளோ 30 நாளோ மட்டும் போடுங்க. உங்க ஏரியாவில் எது எடுக்குது, எது எடுக்கலன்னு கமெண்ட்ல எழுதுங்க. பக்கத்துத் தெருவுக்கு வர்றவருக்கு உதவும்.