பொதுவும் சிறப்பும்

வேம்பு மரமே, ஆயினும் மரமெல்லாம் வேம்பாகா. இலக்கணம் பயிலும் நாம் பொதுவிதி, சிறப்புவிதி என்னும் வேறுபாட்டை நன்கறிவோம். வடிவக்கணிதத்திற் புகுந்தவுடன் மாணவர் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். நாற்கரம் என்றதும் சதுரமொன்றை வரைந்து, அதற்கே உரிய இயல்புகளை நாற்கரம் அனைத்திற்கும் ஏற்றுகின்றனர். சதுரம் செவ்வகமுமாம், சாய்சதுரமுமாம் என்றாலோ, ஏற்க மறுக்கின்றனர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் பிழையன்று. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏரிநீர் பாயும் வயல்கள் பல. அவற்றுள் சாய்ந்து கிடக்கும் வயலொன்றைக் கருதுவோம். நாற்புறமும் 10 கோல். ஒரு கோற் சதுரம் ஒரு குழி. பக்கங்களைப் பெருக்கினால் 100 குழி. மூலைக்கு மூலை 12 கோலும் 16 கோலுமாயின், உண்மைப் பரப்பு 96 குழியே. பெருக்கலை நம்பி வாங்குவோன் இல்லாத 4 குழிக்கும் விலை கொடுப்பான்! எதிர்ப்பக்கச் சராசரிகளைப் பெருக்குவது தோராயமே என்று கி.பி. 628-லேயே பிரமகுப்தர் உரைத்தனர். செவ்வகத்திற்கு மட்டுமே அது முற்றும் பொருந்தும்.

பொதுவிற்கு உரியது சிறப்பிற்கும் உரித்து. சிறப்பிற்கு உரியதெல்லாம் பொதுவிற்கு உரித்தன்று. ஆதலின், வினா கூறாத சமத்துவத்தையும் செங்கோணத்தையும் நம் படத்திற் புகுத்தாதிருப்போமாக.