ஒரே பெயரில் ஆறு பேர்! உங்கள் ஓட்டு எந்த ஆளுக்கு?

ஓட்டுச் சாவடிக்குள் வாக்காளர் மிஷின் முன்னால் நிற்கும் நேரம் எவ்வளவு? அட்டை மறைப்புக்குப் பின்னால் போகிறார். சின்னத்தைத் தேடுகிறார். பட்டனை அமுக்குகிறார். "பீப்" என்று சத்தம். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

அந்தச் சில விநாடிக்குள் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? முடியும் என்று கணக்குப் போடுகிற ஆசாமிகள் நம் நாட்டில் உண்டு. அதற்குக் கள்ள ஓட்டு வேண்டாம். பூத்தில் ரகளை வேண்டாம். எதிராளியின் பெயரிலேயே இன்னொரு ஆளைத் தேடிப்பிடித்து வேட்புமனு போட வைத்தால் போதும்!

2024-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் நடந்ததை ஊரே பார்த்தது. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அங்கே சுயேச்சையாக நின்றார். அவரைத் தவிர இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். அவர்களில் பலருக்கும் இனிஷியல் "ஓ"தான்! ஆக மொத்தம் ஆறு பன்னீர்செல்வம். ஆறு பேரும் சுயேச்சை. ஆறு பேரும் சட்டப்படி மனுப்போட்டு, பணம் கட்டி நின்றவர்கள்தான்.

இரட்டை இலையில் பழகிய தலைவருக்குக் கிடைத்தது பலாப்பழம். சின்னம் ஒதுக்கியது மார்ச் 30-ந் தேதி. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-ந் தேதி. மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. அதற்குள் "பலாப்பழம்தான் நம்ம ஆளு" என்று கடற்கரைக் கிராமம் வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். சுமார் 3 லட்சத்து 42 ஆயிரம் ஓட்டு வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்தார். ஜனங்கள் ஏமாறவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் பெரிய புள்ளி, டி.வி.யில் தினம் முகம் வந்தது, ஊர் ஊராகப் போக வண்டி வாகனம் இருந்தது. எட்டாம் வார்டில் நிற்கிற சாதாரண ஆளுக்கு இது நடந்தால் அவர் கதி என்ன?

பெயர் வரிசை எப்படி?

ஓட்டு மிஷினில் பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பலருக்கும் தெரியாது. "பெரிய கட்சிக்காரன் காசு கொடுத்து மேலே போட்டுக்கிறான்" என்று டீக்கடையில் பேசுவார்கள். அது சும்மா பேச்சு. வரிசைக்குச் சட்டம் இருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற தேசியக் கட்சி, மாநிலக் கட்சி வேட்பாளர்கள் முதலில். பதிவு மட்டும் செய்து அங்கீகாரம் வாங்காத கட்சிகள் அடுத்து. சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகர வரிசை. "நோட்டா"வுக்கு எல்லாருக்கும் கீழே, கடைசி இடம். மளிகைக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார், கண்ணுக்கு நேராக அடுக்கிய சரக்குதான் முதலில் போகும் என்று. சுயேச்சைகள் எப்போதும் கீழ்த்தட்டுச் சரக்குதான்.

இதில்தான் சூட்சுமம். வரிசை போடும்போது இனிஷியலைக் கணக்கில் எடுப்பதில்லை. பெயரைத்தான் பார்ப்பார்கள். ஒரே பெயரில் ஆறு சுயேச்சை இருந்தால் ஆறும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ரேஷன் கடை கியூ மாதிரி வந்து நிற்கும். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு நமது அகர வரிசையே ஒத்தாசை செய்கிறது!

ஒரு மிஷினில் 16 பட்டன். அதற்கு மேல் போனால் அடுத்த மிஷின். நமது சென்னை ஆர்.கே. நகரில் 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் 59 பேர் நின்றார்கள். நோட்டாவையும் சேர்த்தால் 60. நாலு மிஷினை வரிசையாக வைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பிரஷர் குக்கரைத் தேடிக் கண்டுபிடித்து, சுயேச்சை டி.டி.வி. தினகரனை 40 ஆயிரத்து 707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள் வடசென்னைக்காரர்கள். நம் ஜனங்களுக்குச் சின்னத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் எல்லா ஊரிலும் 40 ஆயிரம் வித்தியாசம் வராதே!

தோற்றுப்போனவர்கள்

கேரளத்துக்குப் போவோம். 2004-ம் ஆண்டு ஆலப்புழை பாராளுமன்றத் தொகுதி. காங்கிரசின் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். அதே தொகுதியில் இன்னொரு சுதீரன் நின்றார். அவருக்கு விழுந்தது 8 ஆயிரத்துக்கும் மேல்! அத்தனையும் தடம் மாறிய ஓட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டில் ஒரு பங்கு தடம் மாறியிருந்தாலே போதும், எம்.பி. மாறிப்போவார்.

அதே கேரளத்தில் 2016 சட்டசபைத் தேர்தல், மஞ்சேஸ்வரம் தொகுதி. பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் வெறும் 89 ஓட்டில் தோற்றார். அங்கே, கேட்டால் காதுக்கு ஒன்றுபோல் படுகிற பெயரில் ஒருவர் வேறு கட்சி சார்பில் நின்று 467 ஓட்டு வாங்கினார். 89 எங்கே, 467 எங்கே! அந்த ராத்திரி சுரேந்திரனுக்குத் தூக்கம் வந்திருக்குமா?

சத்தீஸ்கர் மாநிலம் மகாசமுந்த் தொகுதியில் 2014-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. பா.ஜ.க. வேட்பாளர் சந்துலால் சாகு. அவரை எதிர்த்து நின்றவர் முன்னாள் முதல்வர் அஜித் ஜோகி. களத்தில் சந்துலால் சாகு, சந்துராம் சாகு என்ற பெயர்களில் இன்னும் பத்துப் பேர்! கிரிக்கெட் டீமே அமைக்கலாம். நிஜ சாகு 1,217 ஓட்டில் தப்பிப் பிழைத்தார்.

டெபாசிட் கட்டுவது யார்?

போலீஸ் செய்தி எழுதிப் பழகிய கைக்கு ஒரு கேள்வி உடனே வரும். பணம் எங்கிருந்து வந்தது?

பாராளுமன்றத்துக்கு நிற்க டெபாசிட் 25 ஆயிரம் ரூபாய். சட்டசபைக்கு 12 ஆயிரத்து 500. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் போச்சு. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். கூட்டம் போடாமல், நோட்டீஸ் அடிக்காமல், வீடு வீடாகப் போய்க் கும்பிடு போடாமல், 25 ஆயிரத்தைக் கட்டிவிட்டு மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்தப் பணம் அவருடையதாக இருக்குமா? சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தான் மனுவோடு கொடுக்கிறார். அதையும் டெபாசிட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அதிகாரிக்குப் பத்து நிமிஷம் ஆகுமா? பார்க்கிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

டெபாசிட்டை இன்னும் ஏற்றினால் என்ன என்று சிலர் சொல்கிறார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கோபப்பட்டு, 1,033 பேர் சட்டசபைத் தேர்தலில் நின்றார்கள். ஓட்டுச்சீட்டு, சீட்டாக இல்லை. புத்தகமாக அச்சடித்தார்கள்! அப்போது டெபாசிட் 250 ரூபாய். அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி 5 ஆயிரம் ஆக்கினார்கள். பிறகு 2010-ல் 12 ஆயிரத்து 500. கூட்டம் குறைந்தது. ஆள் மாறாட்டப் பெயர் குறைந்ததா? இல்லை. வசதியுள்ளவன் ஏவிவிட்ட ஆளுக்கு டெபாசிட் ஒரு பொருட்டே இல்லை. பாதிக்கப்படுவது உண்மையாகவே குறை சொல்ல நிற்கிற விவசாயி.

பெயர் ஒற்றுமை உள்ளவர்களைத் தடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2024 மே மாதம் கோர்ட் ஏற்க மறுத்தது. தாய் தகப்பன் வைத்த பெயருக்காக ஒருவன் தேர்தலில் நிற்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் நீதிபதிகள் கேட்டதன் சாரம். நியாயமான கேள்வி. பெயரைத் தடை செய்யச் சொல்வது சரியல்ல என்பதே நமது கருத்தும். குமார் என்ற பெயருக்குத் தடை போட்டால் சென்னையில் வேட்பாளரே கிடைக்க மாட்டார்!

பெயரே இல்லாத சீட்டு

இந்தத் தொல்லையே இல்லாத ஓட்டுச்சீட்டு உலகத்தில் இல்லையா? இருக்கிறது. நமது நாட்டிலேயே இருந்தது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டி மேலே சின்னம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். முத்திரை குத்துகிற வேலையே இல்லை. 1962 பொதுத்தேர்தலில்தான் பெயரும் சின்னமும் அச்சடித்த சீட்டில் குத்துகிற முறை நாடு முழுக்க வந்தது.

இஸ்ரேலில் ஆளுக்கு ஓட்டே கிடையாது. கட்சிக்குத்தான். ஒவ்வொரு கட்சிக்கும் எழுத்து போட்ட துண்டுச் சீட்டு வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுத்துக் கவரில் போட்டுப் பெட்டியில் போட வேண்டும். 120 இடத்தையும் ஓட்டு விகிதப்படி பிரிப்பார்கள். கட்சி கொடுத்த பட்டியலில் மேலே இருந்து ஆட்கள் உள்ளே போவார்கள். பெயர் மோசடிக்கு வழியில்லை. ஆனால் பட்டியலில் முதல் ஆள் யார், நாற்பதாவது ஆள் யார் என்பது கட்சிக்குள் முடிவாகிற விஷயம். பொதுத்தேர்தல் நாளில் ஓட்டர் அதில் கை வைக்க முடியாது.

பக்கத்தில் இலங்கையில் இன்னொரு தினுசு. 225 பேர் சபை. 196 பேர் மாவட்டப் பட்டியல் வழியாக. சீட்டில் கட்சிப் பெயர், சின்னம், அப்புறம் வெறும் நம்பர்கள். வேட்பாளர் பெயரே இருக்காது. முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சிப் பட்டியலில் பிடித்த மூன்று பேர் வரை நம்பருக்குப் புள்ளடி. இதற்கு விருப்பு வாக்கு என்று பெயர். 1989 பாராளுமன்றத் தேர்தல் முதல் இதுதான். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்கள் கையில் வந்தது. கூடவே வம்பும் வந்தது. எதிர்க்கட்சிக்காரனைவிடச் சொந்தக் கட்சிக்காரன்தான் முதல் எதிரி ஆனான். போஸ்டர் கிழிப்பதும் கைகலப்பும் ஒரே கட்சிக்குள்ளேயே! மிச்சமுள்ள 29 இடம் தேசியப் பட்டியல். மாவட்டத்தில் தோற்றுப்போன ஆளைக்கூடக் கட்சி இதில் உள்ளே கொண்டுவரலாம்.

ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியா என்ற தீவு மாநிலம். அங்கே சீட்டு அச்சடிக்கும்போதே கட்சிப் பட்டியலுக்குள் பெயர் வரிசையை மாற்றி மாற்றி அச்சடிக்கிறார்கள். உங்கள் சீட்டில் முதலில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில் மூன்றாவதாக இருப்பார். யோசிக்காமல் மேலிருந்து கீழாக நம்பர் போடுகிறவர்களின் ஓட்டுக்கு அந்த நாட்டில் "கழுதை ஓட்டு" என்று பெயர். அந்த லாபம் ஒருவருக்கே போகக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. நம்மூர் மிஷினில் அப்படிச் செய்தால் "மேலிருந்து மூணாவது பட்டன்" என்று சொல்லி ஓட்டுக் கேட்கிறவர்கள் பாடு திண்டாட்டம்!

கமிஷன் செய்ய வேண்டியது

தேர்தல் கமிஷன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2015-ல் வேட்பாளர் போட்டோவை மிஷினில் ஒட்டினார்கள். தபால்தலை மாதிரி, கறுப்பு வெள்ளையில். கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கே அடையாளம் தெரியாது. 2025 பீகார் தேர்தலில் கலர் போட்டோ வந்தது. முகம் பெரிதாக, நம்பர் கொட்டை எழுத்தில். நல்ல காரியம்.

ஆனால் 1961-ம் ஆண்டு விதியிலேயே ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வேட்பாளருக்கு ஒரே பெயர் இருந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்துப் போட்டு வித்தியாசம் காட்ட வேண்டும் என்று. அதை ஒப்புக்குச் செய்தால் போதாது. இனிஷியலை விரித்து எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. "முன்னாள் முதல்வர்", "கூலித் தொழிலாளி", "இன்ன ஊர்" என்று பெயருக்குச் சமமான எழுத்தில் போட வேண்டும். ஒரே பெயர்க்காரர்களை அடுத்தடுத்து நிறுத்தாமல் நடுவில் வேறு பெயர் வருகிற மாதிரி விதியைத் திருத்த வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் சின்னமும் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று மாதிரி இருக்கக் கூடாது. தெலுங்கானாவில் கார் சின்னக் கட்சிக்காரர்கள் ரோடு ரோலர் சின்னம் எங்கள் ஓட்டைத் தின்கிறது என்று வருஷக்கணக்கில் புலம்பியது சும்மா இல்லை.

ஓட்டுப் போட்டதும் பக்கத்துப் பெட்டியில் ஒரு சீட்டு 7 விநாடி தெரிகிறது. நம்பர், பெயர், சின்னம் மூன்றும் அதில் இருக்கும். தப்பான பன்னீர்செல்வத்துக்கு அமுக்கியிருந்தால் அந்த 7 விநாடியில் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? மறுபடி அமுக்க முடியாது. ஆகவே சொல்ல வேண்டியதை உள்ளே போவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். வேட்பாளர் பட்டியலைப் பூத் வாசலில் ஒட்டுகிறார்கள். பொடி எழுத்து, கியூவில் நிற்கிறவன் தலை மறைத்துவிடும்.

சின்னம் ஒதுக்கிய அன்றைக்கே, ஒரே பெயர்க்காரர்கள் படம், சின்னம், தொழில், ஊர் எல்லாவற்றையும் பெரிதாக அச்சடித்து ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட் வாசலிலும் கமிஷனே ஒட்டட்டும். கொஞ்சம் காகிதமும் ஒரு வாளிப் பசையும்தான் செலவு.