கையெழுத்து அவளுடையது

மாரடைப்போடு தாலுகா மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "கூட யாரு வந்திருக்கா?" அடுத்தது, "வீட்டுக்காரர் எங்கே?" நினைவோடு படுத்திருப்பவளிடம் வேறெதுவும் கேட்பதில்லை. என் மாணவிகள் தங்கள் அம்மாக்களைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பின் கதைதான்.

காத்திருப்பு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. நெஞ்சுவலியோடு, அல்லது அது இல்லாமலேயே, தாடையிலும் முதுகிலும் வலி, மூச்சுத்திணறல், குமட்டல் என்று அவள் சொன்னால் 'கேஸ்' என்கிறார்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட மருத்துவ விதி.

ஈசிஜியில் ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருப்பது தெரிந்தால் வழி இரண்டு. 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்தை எட்ட முடிந்தால் உடனே அங்கே அனுப்ப வேண்டும். முடியாதென்றால், ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவரா என்று விசாரித்துவிட்டு, கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டு, பிறகு அனுப்ப வேண்டும். இது ஏழைகளுக்கான மட்டமான வைத்தியம் அல்ல. 1986-ல் இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி உயிர் காக்கிறது என்று காட்டியது. சீக்கிரம் போட்டவர்களுக்கே அதிகப் பலன்.

"எதுக்கு ரிஸ்க்? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்று ஆண்கள் கூடிப் பேசுவது அக்கறையாகத் தெரியும். அந்தப் பேச்சு நீளும் ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

மருத்துவரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். அப்படி நேர்ந்தால் உறவினர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஆபத்து அவளுடைய உடம்புக்கு. அதை அவளிடம்தானே சொல்ல வேண்டும்? தெளிவாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்காக இன்னொருவர் தரும் சம்மதம் செல்லாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் நோயாளி ஒரு பெண். சம்மதம் தந்தவர் அவருடைய அம்மா.

108-ஐ அழைக்கவும், "ஈசிஜி எடுங்க, என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க, கையெழுத்து நானே போடுறேன்" என்று கேட்கவும் உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். மகன் வந்து சேரும்வரை தள்ளிப்போடும் வழக்கத்தை மருத்துவமனைகள் கைவிடட்டும்.