பறை என்றால் பேசு!



சங்கராபுரம் கடைவீதிக் கூட்டமாயினும் சரி, சென்னைக் கடற்கரைக் கூட்டமாயினும் சரி, "நம் கொள்கையை நாடெங்கும் பறைசாற்றுவோம்" என்று மேடையிலே முழங்காத கட்சி எது? அச்சொல் எழுந்ததும் கையொலியும் எழும். ஆனால், அந்தப் பறையைத் தோளிலே சுமந்தவனை ஊர் எங்கே நிறுத்தி வைத்தது? சேரியிலே! இந்த முரண்பாட்டைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பறை என்பது தோற்கருவியின் பெயர் மட்டுமன்று. பேசுதல், அறிவித்தல் என்பனவும் அதன் பொருளே. மலையாள நாட்டிலே இன்றும் 'பறயுக' என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பறைதல் என்றால் பேசுதல்தான். நிலத்தின் கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியம், தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணிற்று. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, மருதத்துக்கு நெல்லரி கிணை என வகுத்தனர் இலக்கணத்தார். ஒருபுறம் கல்வராயன் மலையும் மறுபுறம் வயல்வெளியுமாய் அமைந்த சங்கராபுரம் வட்டாரத்துக்கு இவ்விரண்டுமே உரியன அல்லவோ?

அத்தகைய சொல்லைச் சாதிப் பெயராக்கினர். அப்பெயரையே இழிவின் அடையாளமாக்கினர். கப்பலேறி ஆங்கிலத்துக்குச் சென்ற அச்சொல், அங்கே 'ஒதுக்கப்பட்டவன்' என்றே பொருள் பெற்றது. ஊரின் கட்டளை, அரசின் அறிவிப்பு, அடுத்தவர் வீட்டுச் சாவு – அவன் அறிவித்தவை அனைத்தும் பிறர் செய்திகள். தன் குறையைப் பறைய மட்டும் அவனுக்கு இடமில்லை!

2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவுக்குத் தடை விதித்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளின் மூலம் அறிவிக்கலாம் எனத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். தண்டோரா என்னும் சொல் வடக்கேயிருந்து வந்தது. அதைச் சுமத்திய கட்டாயமோ இங்கேயே விளைந்தது!

"பழைய பண்பாடு போயிற்றே" என்று வருந்துவோர்க்கு ஒன்று சொல்வேன்: தடை விழுந்தது பறையின்மீதன்று, இழிவின்மீது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறை வாழ்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

விரும்பி ஏந்தினால் அது கலை. சாதிக் கடமையென்று ஏவினால் அது அடிமைத்தளை. விருதுக்குக் கைதட்டிவிட்டு, ஊர்ச்சாவுக்கு அடிக்க மறுத்தவனைப் பகைப்பது எந்த நியாயம்?

"வரமாட்டேன்" என்று அவன் உரைப்பானாயின், அதுவும் பறைதான் தோழர்களே! அவன் தனக்காகப் பறைந்த அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பழகுவோம். அதன்பின் நம் கொள்கையைப் பறைசாற்றுவோம்!