சண்டிக்குதிரை என்று ஒன்று உண்டா?

குதிரையின் குணம் தெரிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். ஆளைத் திட்டவும் சண்டிக்குதிரைதான். மேலே உட்கார்ந்திருப்பவனைத் திட்டுகிற பழமொழி எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. (இருந்தால் சொல்லுங்க சாமி, புண்ணியமாப் போகும்.)

கசார்வாடிக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. ஞாயிறு காலையில் குதிரையேற்றம் பழகப் போகிறேன். நாற்பத்து நாலு வயசில் இது தேவையா என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அதனால் நீங்கள் கேட்கவேண்டாம் :-) ரேஸ்கோர்ஸ், ராணுவம் என்று புனேவில் குதிரை வாசனை கொஞ்சம் ஜாஸ்தி. நான் பழகிய இரண்டு இடத்திலும் ஒரே வேதவாக்குதான் காதில் விழுந்தது: "கஷ்டமான குதிரையில் கத்துக்கிட்டாத்தான் நல்ல ரைடர் ஆகமுடியும்."

சுத்தப் பேத்தல். பேத்தல் மட்டுமல்ல, வசதியான பேத்தல்.

இங்கே நாசிக் ஃபாட்டா என்று ஒரு சந்திப்பு இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு அதைக் கடப்பதே ஒரு சாதனை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எந்த ஆளாவது முதல் நாளே பிரேக் சரியில்லாத வண்டியில் உங்களை உட்காரவைத்து, "இங்கே ஓட்டிட்டா எங்கேயும் ஓட்டுவீங்க" என்பாரா? ஆளில்லாத தெருவில்தான் ஆரம்பிப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். குதிரை என்றதும் இந்த சாதாரண புத்தி எங்கே போய்விடுகிறது?

அந்தக் குதிரை ஏன் "கஷ்டமான" குதிரை ஆனது என்று யாரும் கேட்பதில்லை. குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அங்கேதான், அந்த மெல்லிய ஈறின் மேல். ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்துத் துரத்துகிற பிராணி அது. அதன் வாயை ஞாயிறு ஒருநாளில் ஆறேழு பேர் மாற்றி மாற்றி இழுக்கிறோம். புதுசாகப் பழகுபவனுக்கு சமநிலை வந்திருக்காது, லகானைப் பிடித்துத்தான் விழாமல் இருக்கிறான். அதே நேரத்தில் வாத்தியார் "ஏடி மாரோ, ஏடி மாரோ" என்று கத்துவார். அதாவது குதிகாலால் உதை. கை நில் என்கிறது, கால் போ என்கிறது. சரியாகச் செய்த அந்த நொடியில் அழுத்தத்தைத் தளர்த்தினால்தான் குதிரைக்குப் பாடம் புரியும். இங்கே எது செய்தாலும் வலி நிற்பதில்லை. கொஞ்ச நாளில் கை சொல்வதையும் கால் சொல்வதையும் அது காதில் போட்டுக்கொள்ளாது. உடனே பட்டம் கட்டிவிடுகிறோம், சண்டி!

இன்னொரு வகை, ரேஸில் ஓடி ஓய்வு பெற்றவை. இரண்டு வயசிலேயே ஓட ஆரம்பித்த ஜீவன்கள். ரேஸ் குதிரைக்கு லகான் இறுகினால் அதில் சாய்ந்து முன்னால் போவதுதான் பழக்கம். பயந்துபோன ஆள் லகானை இறுக்குவான், அது வேகமெடுக்கும், இவன் இன்னும் இறுக்குவான். குதிரை கற்றதைத்தான் செய்கிறது. "பைத்தியக் குதிரை" என்று பெயர் மட்டும் கிடைக்கிறது.

எங்கள் தொழிலில் 90 நாள் தவணை கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன். ஆனால் கட்டமுடியாதவர் வேறு, வேண்டுமென்றே கட்டாதவர் வேறு. இரண்டாவது முத்திரையைக் குத்துவதற்கு முன்னால் நோட்டீஸ் அனுப்பவேண்டும், பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும், கமிட்டி உட்காரவேண்டும். ரிசர்வ் வங்கி விதி அப்படி. கோடிகளை முழுங்கியவனுக்கே இவ்வளவு மரியாதை. வாயில்லா ஜீவனுக்கு நோட்டீஸும் இல்லை, விசாரணையும் இல்லை. நேரே சவுக்குதான்.

போன மழைக்காலத்தில் நான் கண்ணால் பார்த்தது. பன்னிரண்டு வயசுப் பெண் ஒன்று. ஏறி உட்கார்ந்ததும் குதிரை பின்னங்காலை உதறியது. "பயப்படாதே, நீதான் பாஸ்னு காட்டு, அடி" என்றார் வாத்தியார். அந்தப் பெண் அடித்தாள், குதிரை துள்ளியது, பெண் கீழே. மணிக்கட்டு முறிவு. குதிரைக்குத் தனியாகச் சாட்டையடி. எல்லாம் முடிந்தபிறகு சயீஸ் சேணத்தைக் கழற்றியபோது முதுகுத்தண்டை ஒட்டி ஒரு பச்சைப் புண், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு. "தர்த் ஹை சாப்" என்றார் அவர். வலிக்குதுங்க. அவ்வளவுதான் விஷயம். தினம் சேணம் கட்டுகிற மனிதருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவரை யார் கேட்கிறார்கள்?

இப்போது வியன்னாவுக்கு வாருங்கள். அங்கே ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல் என்று பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிற பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே புது மாணவனுக்குக் கொடுப்பது நன்றாகப் பயின்ற, வயசான குதிரை. பழகாத இளங்குதிரை அனுபவசாலிக்கு. மாணவனை நீளக் கயிற்றில் வட்டமடிக்கும் குதிரைமேல் லகானும் இல்லாமல் அங்கவடியும் இல்லாமல் மாதக்கணக்கில் உட்காரவைப்பார்கள். முதலில் உட்காரக் கற்றுக்கொள், குதிரையின் வாயை அப்புறம் தொடலாம் என்று அர்த்தம். நம் பள்ளிகளில் நல்ல குதிரை போட்டிக்குப் போகிறவர்களுக்கு, கெட்டுப்போனது புது ஆட்களுக்கு. தலைகீழ் பாடம்.

ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம். அவர் ஏறிய சென்யோர் மெடிகாட், ஏற்கெனவே ஒரு ஜெர்மன் வீராங்கனையோடு பெரிய போட்டிகளில் ஓடிப் பழகிய குதிரை. நாட்டின் முதல்தர வீரருக்கே பழகிய குதிரை வேண்டியிருக்கிறது. டிராட்டில் தொப்பை குலுங்கும் எனக்குச் சண்டிக்குதிரையாம்!

"சார், நல்ல குதிரைக்குக் காசு?" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், பேலன்ஸ் ஷீட் எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்பது இறக்குமதிக் குதிரை இல்லை. சாதுவான கிழக்குதிரை ஒன்று, நீளக்கயிறு ஒன்று, அரை மணி நேரம், தலையில் ஒழுங்கான ஹெல்மெட். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று ஒரு கணக்கு. கட்டணத்தைக் கூட்டினாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. முதல் வாரம் பயந்து ஓடிப்போகிறவர்களின் கட்டணம் நஷ்டக் கணக்கில் வராதா?

தமிழன் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்காதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்கோ போலோ, கப்பல் கப்பலாக வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் வருஷத்துக்குள் செத்துப்போவதை எழுதிவைத்திருக்கிறார். சோறும் கறியும் சமைத்துப் போட்டார்களாம். நரி பரியானது மதுரையில் நடந்த திருவிளையாடல் என்றால், பரியை நரியாக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

உங்களையோ பிள்ளைகளையோ சேர்ப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன்னால் சேணம் போடாத குதிரையின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். வாய் ஓரங்களையும் பாருங்கள். வாத்தியாரைவிட சயீஸிடம் அதிகம் பேசுங்கள். முகம் சுளித்தார்கள் என்றால் நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டிஸ்கி: "நாங்க மாத்தேரானில் ஜம்முனு போனோமே" என்று வரப்போகிறவர்களுக்கு: அங்கே நீங்கள் ஓட்டவில்லை. கூடவே வந்தாரே குதிரைக்காரர், அவர்தான் ஓட்டினார். நீங்கள் பார்சல்.