நீவாதீர்கள்!

அம்பத்தூரில் என்னிடம் படிக்கும் மாணாக்கன் ஒருவனுக்குக் கீழே விழாமலே முழங்கால் வீங்கிவிட்டது. 'சுளுக்கு' என்று பாட்டியார் எண்ணெயும் கையுமாய் உட்கார்ந்தாராம். தாயார் பதறித் தடுத்தார். பையனுக்கு ஹீமோபிலியா, இரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாவது காரணி அவனுக்குப் பிறவியிலேயே குறைவு. மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. நீவினால் கசிவு பெருகும், ஆஸ்பிரினும் ஆகாது. காரணியை உடனே ஊசி வழியே ஏற்றி, ஐஸ் ஒற்றடமிட்டு, காலை உயர்த்தி ஓய்வளிக்க வேண்டும். அடிக்கடி கசிந்தால் மூட்டே முடமாகிவிடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்ததில் கசிவு நின்றதாக 2024-ல் அறிவித்தார்கள். அது எல்லோருக்கும் எட்டும் வரையில், நேயர்களே, காரணமின்றி வீங்கிய மூட்டைக் கண்டால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர்கள், வைத்தியரைத் தேடுங்கள்.